முதலில் பேச்சு, பிறகு போர்வெல்

ஆசிரியருக்கு வணக்கம்.

வறட்சியில் ஆடுமாடு தவிக்கிறது என்றதும் அரசுகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது போர்வெல்தான். மேய்ச்சல் காட்டில் இடம் பார்க்காமல் போடும் போர்வெல் தண்ணீரோடு சண்டையையும் கொண்டுவந்துவிடும்.

கென்யாவின் இசியோலோ மாவட்டத்தில் போரானா மக்கள் மேய்ச்சல் நிலத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, கடும் வறட்சிக்கென்று தொடாமல் வைப்பது ஒன்று. இதற்குக் காவல் ‘தேதா’ என்னும் பெரியவர்கள் சபை. மழைக்கால நிலத்தில் குட்டைகள் வற்றியதும் மந்தைகள் தாமாகவே கிளம்பிவிடும். புல் விதைவிட்டு மறுபடி தழைக்க அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். அங்கே பன்னிரண்டு மாதமும் தண்ணீர் தரும் போர்வெல் வந்தால் மந்தை நகராது, சில வருடங்களில் புல் அற்றுப்போகும். பிறகு வறட்சிக்கென்று வைத்த நிலத்தில் எல்லோரும் முன்கூட்டியே நுழைவார்கள். மோதல் அங்கேதான் தொடங்குகிறது.

வெளியாரைச் சபை விரட்டுவதில்லை. எத்தனை உருப்படி, எத்தனை நாள், எந்தக் கிணறு என்று முன்னாலேயே ஆள் அனுப்பிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்காமல் வருவதுதான் துப்பாக்கி வரை போகிறது.

அதே கென்யாவின் வஜீர் மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் குலச்சண்டை முற்றியபோது, சந்தையில் எல்லாக் குலத்தாரும் வாங்கலாம், விற்கலாம் என்று முதலில் உறுதிசெய்தவர்கள் பெண்கள். அதிலிருந்து வளர்ந்த சமாதானக் குழு 1995-இல் மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்தது. 2016-இல் அதே வஜீர் காலநிலை நிதிச் சட்டம் இயற்றியது. இந்த நிதி முறையில் 70 விழுக்காடு வார்டு அளவிலான பணிகளுக்கு. குட்டையைத் தூர்வாருவதா, கிணற்றுக்கு வேலி போடுவதா என்பதை அந்த ஊரார் தேர்ந்தெடுத்த குழு சொல்லும்.

சென்னையில் மந்தைவெளி பெயராக மட்டும் நிற்கிறது. ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் மந்தைகள் இன்னும் நடக்கின்றன. தையில் சம்பா அறுப்பு முடிந்ததும் கீதாரிகள் என்னும் ஆட்டு மந்தைக்காரர்கள் ஆடுகளோடு தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் போய்க் கிடை போடுகிறார்கள், அதாவது இரவில் ஆடுகளை வயலில் அடைத்து வைக்கிறார்கள். வயலுக்கு எரு, கீதாரிக்குப் பணம் அல்லது நெல். அறுத்த வயலில் உளுந்தும் பயறும் முளைத்து நிற்கும்போது ஆடு புகுந்தால் தகராறு. புகுந்த பிறகு பேச உட்கார்ந்தால் அது காவல் நிலையத்தில்தான் முடியும். மார்கழியிலேயே கீதாரிகள், உளுந்து விதைக்கும் விவசாயிகள், ஊராட்சித் தலைவர், வேளாண் உதவி அலுவலர் நால்வரும் கூடட்டும். எந்த வயல் உளுந்துக்கு, மந்தை எந்த வழியாகப் போகும், சேதத்தை யார் மதிப்பிடுவது, இழப்பீடு எவ்வளவு என்பதை அன்றே எழுதிக் கையெழுத்திட வேண்டும். வழியில் ஆடுகளுக்குத் தண்ணீர்த்தொட்டி கட்ட அரசு நினைத்தால் ஒரு நாள் நடைக்கு ஒன்று வீதம் கட்டலாம். இடத்தைக் கீதாரிகள் காட்டட்டும்.

இப்படிக்கு,
மேய்ச்சல் நிலப் பணியாளர்கள்,
சென்னை.