ஒரு டி.எம்.சி. எத்தனை நாளைக்கு வரும்?

அன்புள்ள மகள் யாழினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சென்னைக் குடிநீர் ஏரிகளைப் பற்றி உன் நாளிதழுக்கு எழுதவிருக்கும் கட்டுரைக்காக, ஒரு டி.எம்.சி. என்பது உண்மையில் எவ்வளவு, அது நிறையவா கொஞ்சமா என்று தொலைபேசியில் கேட்டாய். ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த விடையை வைத்துக்கொண்டு நீ ஒரு வரிகூட எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். பொதுப்பணித்துறையில் இருந்த காலத்தில் நாங்கள் இத்தகைய எண்களைக் குத்துமதிப்பாகச் சோதித்துக்கொண்ட முறையை, நீயே காகிதத்தில் போட்டுப் பார்க்கும்படி எழுதுகிறேன். கால்குலேட்டர் தேவைப்படாது.

ஒரு கன அடித் தண்ணீர் என்பது 28.3 லிட்டர். ஆகவே ஒரு டி.எம்.சி. ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். இதுவும் கண்ணுக்கு அகப்படாத எண்தான். இதை அகப்படும் எண்ணாக்க, நகரத்தின் ஒரு நாள் செலவால் வகுக்க வேண்டும்; அதற்கு மக்கள்தொகையும் ஒருவருடைய செலவும் வேண்டும். சென்னையையும் அதை ஒட்டிய ஊர்களையும் சேர்த்து ஒரு கோடிப் பேர் என்று வைத்துக்கொள்வோம். இது முழு எண்ணாக்கிய அனுமானம்தான். ஒன்றேகால் கோடி என்று யாராவது வாதாடினாலும் விடை தலைகீழாகிவிடாது.

ஒருவருடைய செலவுதான் சிக்கலான இடம். தெரியாத எண்ணைப் பிடிப்பதற்கு முதலில் இரு பக்கமும் வேலி போட்டுக்கொள். கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் குடும்பத்தில்கூட ஒருவருக்கு 20 லிட்டருக்குக் கீழே போனால் வாழ்வது கடினம். தோட்டமும் காரும் உள்ள வீட்டில்கூட ஒருவருக்கு 500 லிட்டர் என்பது அதிகம். இரண்டுக்கும் நடுவே எது என்று கேட்டால் பெரும்பாலோர் கூட்டி இரண்டால் வகுத்து 260 என்பார்கள். அப்படிச் செய்தால் மேல்வேலி மட்டும்தான் பேசும், கீழ்வேலியை வைத்ததே வீணாகிவிடும். இவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கும் எண்களுக்கு நடுவிடத்தை விகிதத்தில் தேட வேண்டும். 20-ஐ ஐந்தால் பெருக்கினால் 100. 100-ஐ ஐந்தால் பெருக்கினால் 500. ஆகவே நடு 100.

இனி அதை வாளிக் கணக்கால் சரிபார். குளிக்க 15 லிட்டர் வாளியில் இரண்டு, துணிக்கு ஒன்றரை, கழிவறைக்கு இரண்டு, பாத்திரத்துக்கு முக்கால், குடிக்கவும் சமைக்கவும் ஏழெட்டு லிட்டர். கூட்டிப் பார்த்தால் நூறைச் சுற்றியே வரும். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டு அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதைவிட நம் வாளிகள் சற்றுச் சிக்கனமானவை, அவ்வளவே.

ஆக, ஒரு கோடிப் பேருக்கு 100 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு நூறு கோடி லிட்டர். 2,830 கோடியை அதனால் வகுத்தால் 28 நாள். 135 லிட்டர் என்று வைத்தால் 21 நாள். ஒரு டி.எம்.சி. என்பது சென்னைக்கு மூன்று வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை வரும் தண்ணீர். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து நீர்த்தேக்கங்களும் தளும்ப நிறைந்தால் 11,757 மில்லியன் கன அடி, அதாவது பன்னிரண்டு டி.எம்.சி.க்குச் சற்றே குறைவு. அது எட்டு மாதத்திலிருந்து பதினொரு மாதம் வரை தாங்கும். ஏரிகள் நிரம்பிவிட்டன, இனிக் கவலையில்லை என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வரும். அடுத்த வடகிழக்குப் பருவமழை ஒருமுறை பொய்த்தால் போதும்.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை நீ எழுதப்போவதாகச் சொன்னாய். ஐம்பது வேகன்கள், வேகனுக்கு ஐம்பதாயிரம் லிட்டர். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். தலைப்பில் போட்டால் மலைப்பாக இருக்கும். ஒரு கோடிப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குக் கால் லிட்டர், ஒரு டம்ளர். நாளுக்கு நான்கு நடை வந்தால் ஆளுக்கு ஒரு லிட்டர். நகரத் தேவையில் நூறில் ஒரு பங்கு. இதை வைத்து அந்த ரயிலைக் கேலி செய்யும் கட்டுரையும் எழுதலாம், ஆனால் நான் எழுதமாட்டேன். அதே 25 லட்சத்தை, குழாயில் சொட்டும் வராத வீடுகளுக்கு மட்டும் பதினைந்து லிட்டர்க் குடத்தில் பத்துக் குடம் வீதம் கொடுத்தால், ஒரே நடையில் பதினாறாயிரம் வீடுகளுக்கு மேல் எட்டும். எதனால் வகுக்கிறாய் என்பதில்தான் கட்டுரையின் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. ஆகவே வகுக்கும் எண்ணை ஏன் தேர்ந்தாய் என்பதை வாசகருக்குச் சொல்லிவிடு.

அடுத்து, உன் கைக்கு வரும் எண் சரியானதுதானா என்று சோதிக்கும் வழி. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தி வரும். நிறைந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 25 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் ஒரு கோடியே எட்டு லட்சம் சதுர அடி. ஆகவே பரப்பு 27 கோடி சதுர அடி. நம் பக்கத்து ஏரிகளுக்கு ஒரு பக்கம்தான் கரை. மதகை ஒட்டி ஆழம் அதிகம், எதிர்ப்பக்கம் நிலம் மெல்ல உயர்ந்து புல்வெளியாகிவிடும். நெடுக்காக வெட்டிப் பார்த்தால் ஆப்பு வடிவம். ஆப்பின் கன அளவு, பரப்பையும் பெரும ஆழத்தையும் பெருக்கியதில் பாதி. 27 கோடியை 24-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 324 கோடி கன அடி, அதாவது 3,240 மில்லியன். அதிகாரபூர்வ அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு போலக் குறைகிறது. ஏரியின் அடி உண்மையில் நேர்கோட்டில் சரிவதில்லை என்பதை நினைத்தால், இவ்வளவு அருகில் வந்தது எதிர்பார்த்ததைவிட நன்று.

இந்தக் கணக்கின் நோக்கம் துறையின் அளவைத் திருத்துவது அன்று. யாரோ தட்டச்சில் ஒரு சுழியைக் கூடுதலாகப் போட்டு 36,450 என்று உனக்கு அனுப்பினால், அதைப் பரப்பால் வகுத்தவுடன் சராசரி ஆழம் 130 அடிக்கு மேல் என்று வந்து நிற்கும். 24 அடி ஏரிக்குள் பத்து மாடிக் கட்டடம் மூழ்காது. சுழிப் பிழையைப் பிடிக்க இந்த அளவு துல்லியமே போதும். மில்லியனும் கோடியும் லட்சமும் ஒரே பத்தியில் கலந்து வரும் உங்கள் தொழிலில் இந்தப் பிழை அரிதன்று.

ஓட்டத்தையும் இருப்பையும் குழப்புவதும் அப்படித்தான். வினாடிக்கு இத்தனை கன அடி என்பது வேகம், டி.எம்.சி. என்பது அளவு. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஆகவே வினாடிக்கு ஏறத்தாழ 11,600 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. இந்த ஓர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள். 2015 டிசம்பர் முதல் நாளில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அதே வேகம் ஒரு நாள் நீடித்தால் இரண்டரை டி.எம்.சி., ஏரியின் முழு இருப்பில் மூன்றில் இரண்டு பங்கு. அடையாற்றின் இரு கரையிலும் இருந்தவர்கள் அன்று எதை எதிர்கொண்டார்கள் என்பதை இந்த வகுத்தல் சொல்லும்.

வெவ்வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதைப் பற்றிச் சொல்லும்போது ஜான் கிராண்ட் என்ற லண்டன் வணிகரை விட்டுவிட முடியாது. ஊசி, நூல், பொத்தான் போன்ற சில்லறைச் சரக்கு விற்றவர். அவர் காலத்தில் லண்டனில் பல மில்லியன் பேர் இருப்பதாகப் பெரிய மனிதர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை. 1662-இல் வெளியிட்ட நூலில் அவர் முதலில் தேவாலயப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டார். ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 பிறப்பு. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் இரண்டாண்டுக்கு ஒன்றுக்கு மேல் பெறுவது அரிது. ஆகவே அத்தகைய பெண்கள் 24,000. குடும்பங்கள் அதைப் போல இரு மடங்கு, 48,000. குடும்பத்துக்குக் கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், வேலையாட்களோ குடியிருப்பவர்களோ மூவர், ஆக எட்டுப் பேர். மொத்தம் 3,84,000.

அதோடு அவர் நிற்கவில்லை. சில வட்டாரங்களில் விசாரித்து, பதினொரு குடும்பத்துக்கு ஆண்டில் மூன்று சாவு என்று கண்டு, ஆண்டின் 13,000 சாவிலிருந்து மறுபடியும் ஏறத்தாழ 48,000 குடும்பத்துக்கு வந்தார். பிறகு நகர வரைபடத்தை எடுத்து, நூறு கெஜச் சதுரத்தில் 20 அடி முகப்புள்ள வீடுகள் 54 அடங்கும், மதிலுக்குள் அத்தகைய சதுரம் 220, ஆகவே 11,880 குடும்பம் என்று கணக்கிட்டார். சாவுகளில் கால் பங்கு மதிலுக்குள் நிகழ்வதால் அதை நான்கால் பெருக்கினார்: 47,520.

இதைப் படித்தவர்கள் மூன்று வழியும் ஒன்றாக வந்ததை வியப்பார்கள், நானும் வியந்தேன். ஆனால் கூர்ந்து பார், மூன்றும் சரிபார்ப்பது குடும்பங்களின் எண்ணிக்கையை மட்டும்தான். குடும்பத்துக்கு எட்டுப் பேர் என்பது மூன்றுக்கும் பொதுவானது. அதை எந்த வழியும் தொடவில்லை. ஆறு என்று வைத்தால் மூன்றும் ஒருமித்து 2,88,000 என்று சொல்லும். தனித்தனியான அனுமானங்களில் ஒன்று கூடினால் ஒன்று குறைந்து பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்ளும். எல்லா வழிக்கும் பொதுவாக அடியில் கிடக்கும் அனுமானத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

நம் கணக்கில் அப்படி அடியில் கிடப்பது அந்த 100 லிட்டர். ஒரு டி.எம்.சி.க்குப் போட்ட கணக்கில் தண்ணீரின் அளவு பத்து விழுக்காடு பிழையானால் இரண்டு மூன்று நாள்தான் மாறும். நூறு என்பது நூற்று முப்பத்தைந்தானால் ஒரு வாரமே போய்விடுகிறது. குழாய்க் கசிவையும் நாம் சேர்க்கவில்லை, ஆவியாதலையும் சேர்க்கவில்லை. கோடையில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் வற்றுவதாக வைத்தால், நிறைந்த செம்பரம்பாக்கத்தில் 25 சதுர கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரைக் கோடி லிட்டர், நகரத்தின் ஒரு நாள் தேவையில் எட்டில் ஒரு பங்கு, வெயிலுக்கே போகிறது. ஆகவே பதினொரு மாதம் என்று எழுதாதே. எட்டு மாதம் என்று எழுது, அதுவும் "ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொண்டால்" என்ற சொற்களோடு எழுது. இடம் போதவில்லை என்று ஆசிரியர் குழுவில் யாராவது அந்தச் சொற்களை வெட்ட வந்தால் விட்டுக்கொடுக்காதே. வேறு ஏதாவது வாக்கியத்தை வெட்டச் சொல்; ரயிலின் நீளத்தை வருணிக்கும் வாக்கியம் ஒன்று எப்படியும் இருக்கும்.

அன்புடன்,
அப்பா