பெர்லினில் பலகைகளைப் படித்தபடி ஒரு நடை

அன்புள்ள செல்வம்,

இங்கு அனைவரும் நலம். மருத்துவர் நடக்கச் சொல்லியும் நீ மொட்டைமாடியிலேயே எட்டுப் போட்டுக்கொண்டிருப்பதாக ராமநாதன் எழுதியிருந்தான். பேருந்துக்காக முக்கால் மணி நேரம் நின்றாலும் நிற்பாயே தவிர இரண்டு நிறுத்தம் நடக்கமாட்டாய் என்பது கல்லூரி நாள்களிலிருந்தே நான் அறிந்ததுதான்.

சென்ற வாரம் நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில், நடைபாதையைப் பெயர்த்து, பித்தளைத் தகடு பொருத்திய இரண்டு சிறு கற்களைப் பதித்தார்கள். அதைச் சொல்லவே எழுதுகிறேன். ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் அகலம்கூட இராது. 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, நாடுகடத்தப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம் ஆகியவற்றோடு எழுத்து முடிந்துவிடுகிறது. ஒரு கணவர், அவர் மனைவி. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் கொலோன் நகரில் தொடங்கிய இப்பணியில், 2023ஆம் ஆண்டுக்குள் ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சம் கற்கள் பதிக்கப்பட்டுவிட்டன. நாஜிகளால் துன்புறுத்தப்பட்டவர் தாமே விரும்பி வாழ்ந்த கடைசி வீட்டின் எதிரில் கல்லை வைப்பது வழக்கம். கடல் கடந்து வந்திருந்த அவர்களுடைய பேத்தி, அவர்கள் எந்த மாடியில் இருந்தார்கள் என்று கேட்டார். எவராலும் சொல்ல முடியவில்லை. நான் இருக்கும் மூன்றாம் மாடியாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் அன்று முதல் என்னை விடவில்லை.

நான் வசிக்கும், பெர்லினின் ஷோனெபெர்க் வட்டாரத்தின் இந்தப் பகுதியில்தான் ஐன்ஸ்டைன் 1932 வரை வாழ்ந்தார். வேலை முடிந்ததும் பையரிஷர் சதுக்கத்தைச் சுற்றி நடந்து, காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது என் அன்றாட வழக்கம். இத்தெருக்களின் விளக்குக் கம்பங்களில் 1993இல் எண்பது பலகைகளை மாட்டினார்கள். ஒரு பக்கம் எளிய படம், மறுபக்கம் நாஜி ஆட்சிக்காலத்தின் ஒரு தடை, அதன் தேதியோடு. சதுக்கத்தில் யூதர்கள் மஞ்சள் குறியிட்ட இருக்கைகளில் மட்டுமே அமரலாம். பெர்லினில் அவர்கள் மாலை நான்கிலிருந்து ஐந்து மணிக்குள்தான் உணவுப்பொருள் வாங்கலாம். இது 1940 ஜூலையில் வந்தது. பூனையின் படம் வரைந்த பலகை, 1942 பிப்ரவரி முதல் அவர்கள் வளர்ப்புப் பிராணிகளை வைத்திருக்கக்கூடாது என்கிறது.

அயல்நாட்டில் வாழ்பவன் பலகைகளைப் படித்துப் படித்தே நடக்கிறான், செல்வம். எங்கே நிற்கலாம், எப்போது கடக்கலாம், எந்த அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதெல்லாம் எனக்குச் சுவரிலும் கம்பத்திலும் எழுதியிருந்தால்தான் தெரியும். இங்கேயே பிறந்தவருக்கு அந்தக் கவனம் தேவைப்படுவதில்லை. அதனால்தான் இந்த எண்பதும் என்னை இவ்வளவு ஆழமாகத் தைக்கின்றன என்று நினைக்கிறேன். ஓர் இருக்கை, ஒரு மணி நேரம், ஒரு பூனை என்று தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொண்டு கடந்துபோகக்கூடிய அளவுக்குச் சிறியது. அந்தச் சிறுமையே எனக்கு அச்சமூட்டுகிறது. அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்விட்டு வந்துவிடலாம். இவற்றையோ காய்கறிப் பையோடு தினமும் கடக்க வேண்டியிருக்கிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் கொடுமையை உன்னிடம் பலமுறை புலம்பியிருக்கிறேன். அந்த இருட்டில் பலகைகளை விளக்கொளியில்தான் படிக்க முடிகிறது. பித்தளையும் மழையிலும் காற்றிலும் கறுத்துப்போகும். 1938ஆம் ஆண்டு யூதர்கள்மீது நாஜிகள் ஏவிய வன்முறையின் நினைவாக நவம்பர் 9 அன்று மக்கள் கற்களைத் துடைத்து மெருகேற்றுகிறார்கள். எங்கள் வாசல் கற்களை இவ்வாண்டு நானும் மேல்மாடி அம்மையாரும் துடைப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

நீ ஜூனில் வா. அப்போது ஒன்பதரை மணி வரை வெயில் இருக்கும். இங்கிருந்து கிரூனவால்ட் ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். நாடுகடத்துவதற்காகப் பெர்லின் யூதர்களை ஏற்றிய முதல் ரயில் 1941 அக்டோபர் 18 அன்று அங்கிருந்துதான் புறப்பட்டது; பதினேழாம் தண்டவாளத்தின் ஓரத்திலுள்ள எஃகுத் தகடுகளில் ஒவ்வொரு ரயிலின் தேதியும், ஏற்றப்பட்டவர்களின் எண்ணிக்கையும், சேருமிடமும் பொறிக்கப்பட்டுள்ளன. வரலாறு கற்பிக்கும் நீ அதைப் பார்க்காமல் இருக்கக்கூடாது. அதற்கு உன் முழங்கால் ஒத்துழைக்குமா என்பதை மருத்துவரிடம் கேட்டு, மறைக்காமல் எழுது. ராமநாதனையும் அழைத்து வா.

அன்புடன்,
கண்ணன்