விலை ஏறும்போது மட்டும் நினைவுக்கு வரும் தக்காளி

ஆசிரியருக்கு வணக்கம்.

தக்காளி விலையேற்றம் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தி, பழியைப் பெரும்பாலும் கோயம்பேடு வியாபாரிகள் மீதே சுமத்தியிருந்தது. சென்னைக்கு வரும் தக்காளியில் பெரும்பங்கு ஆந்திரத்தின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார் பகுதிகளில் விளைவது. அங்கே மழை கொட்டி வரத்து குறைந்தால் இங்கே விலை ஏறத்தான் செய்யும்.

2023 ஜூலையில் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் தமிழக அரசு 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. வரவேற்கத்தக்கதே. ஆனால், விலை சரிந்து, பறிப்புக் கூலிக்கும் கட்டுப்படியாகாமல் பாலக்கோடு, ராயக்கோட்டை விவசாயிகள் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடும் நாள்களில், கூட்டுறவுத் துறை அதே வேகத்தில் கொள்முதலுக்கு வருவதில்லை. நகரத்து வாக்குகளின் எண்ணிக்கை இதற்குக் காரணமாக இருக்காது என்று நம்புவோம்.

நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு என்று ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டது. மீதி முழுவதும் இடைத்தரகரின் லாபம் அல்ல. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன், சில்லறைக் கடைக்காரரின் செலவு ஆகியவற்றோடு, வழியில் நசுங்கியும் அழுகியும் போகும் பழத்தின் விலையும் அதில் அடக்கம். கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க ஆலை அமைக்கும் அளவுக்குக் கோயம்பேட்டில் காய்கறி வீணானதை நாம் அறிவோம்.

குளிர்பதனக் கிடங்கு கட்டினால் போதும் என்பது அடிக்கடி சொல்லப்படும் தீர்வு. நாட்டிலுள்ள கிடங்குகளில் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்காக, 2 முதல் 4 டிகிரி குளிருக்கென அமைக்கப்பட்டவை. காயாகப் பறித்த தக்காளியை அந்தக் குளிரில் நாள்கணக்கில் வைத்தால், வெளியே எடுத்தபின் சரியாகப் பழுக்காமல் கெட்டுவிடும். அதற்குச் சுமார் 12 டிகிரி வேண்டும். மேலும், வயலிலிருந்து வெயிலில் நெடுந்தூரம் வந்து சூடேறிய பழத்துக்கு நகரத்துக் கிடங்கால் பெரிய பயனில்லை.

ஆகவே, பறித்த அன்றே தரம் பிரித்து, சூடு தணித்து, பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடுக்கி அனுப்பும் கூடங்களை விளையும் வட்டாரங்களிலேயே தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கங்கள் வழியாக அரசு அமைக்க வேண்டும். கூட்டுறவுத் துறையின் பண்ணை பசுமைக் காய்கறிக் கடைகளுக்கு வேண்டிய தக்காளியை, விலை ஏறியபின் தேடி அலையாமல், நடவுக்கு முன்பே விலை பேசி ஆண்டு முழுவதும் அங்கிருந்தே கொள்முதல் செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
விருகம்பாக்கம், சென்னை-92