ஆர்ட் என்செம்பிள் பாரிஸில் பிறக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

'ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ 1969-இல் பாரிஸில் உருவானது' என்று சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு வரி. ஊரைப் பெயரிலேயே சுமக்கும் ஜாஸ் குழுவைப் பற்றி இப்படி அச்சாகலாமா? பாரிஸ் தந்தது பெயரில் 'ஆஃப் சிகாகோ' என்ற பின்பாதியை மட்டுமே.

தாங்கள் அறியாததல்ல. 1965-இல் முஹல் ரிச்சர்ட் ஆப்ரம்ஸ் முதலானோர் சிகாகோவில் தொடங்கிய ஏஏசிஎம் என்ற இசைக்கலைஞர் சங்கத்தில் வளர்ந்தவர்கள் இவர்கள். சாக்ஸஃபோன் கலைஞர் ராஸ்கோ மிட்செலின் 'சவுண்ட்' இசைத்தட்டு 1966-இல் பதிவானபோதே டிரம்பெட்டில் லெஸ்டர் போவியும் பாஸில் மலாக்கி ஃபேவர்ஸும் உடன் வாசித்தார்கள். அடுத்த ஆண்டின் 'நம்பர்ஸ் 1 & 2' போவி பெயரில் வந்தது, மிட்செல் டெல்மார்க் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால். அதன் முதல் பக்கத்தில் மூவர். இரண்டாம் பக்கத்தில் ஜோசப் ஜார்மன் சேர்ந்து நால்வர். குழு உருவாவதை அந்த ஒரே தட்டில் கேட்டுவிடலாம். அட்டையில் குழுவின் இன்றைய முழுப் பெயரை மட்டும் தேடினால் 1969-க்கு முன் எதுவும் அகப்படாது. கட்டுரையாளர் சறுக்கியது இங்கேதான்.

'டிரம்ஸ் ஆள் இல்லாததால் மணியடித்துச் சமாளித்தார்கள்' என்று அதே கட்டுரை சொல்வது இன்னும் வலிக்கிறது. இவர்களோடு வாசித்த டிரம்ஸ் கலைஞர் ஃபிலிப் வில்சன் 1967-இல் பட்டர்ஃபீல்ட் புளூஸ் குழுவுக்குப் போனது உண்மை. ஆனால் 'சவுண்ட்' தட்டில் ஆல்வின் ஃபீல்டர் டிரம்ஸில் இருக்கும்போதே, 'தி லிட்டில் சூட்' பகுதியில் மவுத் ஆர்கனும் சிறு கருவிகளும் ஒலிக்கின்றனவே! டிரம்ஸின் சிம்பல் ஓயாமல் அதிர்ந்தால் சிறு மணியின் கார்வை அதில் மூழ்கிவிடும்; அந்த இடத்தைக் காலியாக விட்டதால்தான் நால்வரின் மணிகளும் ஊதல்களும் தெளிவாகக் கேட்டன. 1970-இல் டிரம்ஸுக்கு டான் மோயே வந்த பிறகும் அவற்றை அவர்கள் கைவிடவில்லை.

தங்கள் இதழில் ஃப்ரீ ஜாஸ் எனும் கட்டற்ற ஜாஸ் என்றாலே 'இரைச்சல்' என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. ஜாஸ் சிறப்பிதழிலும் நியூயார்க்கைத் தாண்டவில்லை. சிகாகோவுக்கு ஒரு பத்திகூட இல்லை. 1969 ஜூலையில் பதிவான இக்குழுவின் 'பீப்பிள் இன் சாரோ' சுமார் 40 நிமிடம் ஓடும் ஒரே இசை. தொடக்கம் காதுக்கு எட்டாத அளவு மெல்லியது. பலர் அங்கே ஒலியைக் கூட்டிவிட்டு, பின்னால் அது உரக்க எழும்போது இரைச்சல் என்கிறார்கள். ஒலியளவை மாற்றாமல், தட்டைத் திருப்பி உடனே தொடர்ந்து கேட்க வேண்டும். இரண்டாம் பக்கம் தனி உருப்படி அல்ல.

திருத்தம் வெளியிடுங்கள். இனியாவது இசைத்தட்டுகளைக் குறிப்பிடும்போது பதிவான ஆண்டு, ஊர், வாசித்தவர்களின் பெயர்கள் மூன்றையும் சேர்த்து அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்