‘ஏன் கிளம்பவில்லை?’

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வெள்ளம் வடிந்த பிறகு இரண்டு வாரம் நிவாரண முகாமிலேயே தங்கி வேலை செய்துவிட்டு வந்திருக்கிறாய் என்று படித்ததும், இடுப்பு வலியோடு எப்படிச் சமாளித்தாயோ என்றுதான் முதலில் கவலைப்பட்டேன். ஆனால் உன்னை வாட்டியது உடல் அலுப்பு அன்று. உதவ வந்தவர்களில் ஒருவர், வரிசையில் நின்றவர்களின் காதுபடவே, "ஆற்றோரத்தில் வீடு கட்டினால் இப்படித்தான் ஆகும்" என்று சொன்னதுதான் என்று எழுதியிருந்தாய். அதே தவற்றை நானும் ஒரு முறை செய்திருக்கிறேன். உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு புயலுக்குப் பின் சேதக் கணக்கெடுப்பில் உதவப் போயிருந்தேன். ஒரு பெண் வாசற்படியில் உட்கார்ந்து, நனைந்து ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைக் கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிக்கப் பிரிக்க, படத்திலிருந்த முகங்கள் எதிர்ப் படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தன. நான் குனிந்து, "இரண்டு நாள் முன்பே எச்சரித்தார்களே, ஏன் கிளம்பவில்லை?" என்று கேட்டேன். அவள் நிமிராமலே, "மாமியார் படுத்த படுக்கை. தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை" என்றாள். அந்த மாமியார் என்ன ஆனார் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. விவரம் தெரிந்துகொள்வதற்காக நான் அவளைக் கேட்கவில்லை என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அவள் எங்கோ பிசகியிருக்க வேண்டும், அவள் இடத்தில் நான் இருந்தால் தப்பியிருப்பேன் என்று என்னை நானே தேற்றிக்கொள்ளத்தான் கேட்டிருக்கிறேன். பழி சொல்லுகிறவர்கள் பலரிடம் கொடுமையைவிட இந்த அச்சமே மிகுதி என்பது என் எண்ணம். முகாமில் நீ பார்த்த மனிதரையும் அதனால் முற்றிலும் வெறுத்துவிடாதே.

மகாத்மாவே இதில் இடறியிருக்கிறார். 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசுகையில், நம் பாவங்களுக்காக, குறிப்பாகத் தீண்டாமைக்காக, இறைவன் அனுப்பிய தண்டனை அது என்றார். 'நம்' என்று தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார். எனினும் இடிபாடுகளில் புதைந்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் குழந்தைகளும் இருந்தார்களே. தாகூர் அதை ஏற்கவில்லை. தீண்டாமையைத் தாமும் வெறுப்பதாகச் சொல்லிவிட்டு, இயற்கை நிகழ்வுக்குக் காரணம் இயற்கையில்தான் இருக்க முடியும் என்றும், இந்த வகை வாதம் காந்தியை எதிர்ப்பவர்களுக்கே மிகவும் பொருந்தும் என்றும் எழுதினார். எவ்வளவு கூர்மையான பார்வை! தண்டனை என்று ஒப்புக்கொண்டுவிட்டால், எந்தக் குற்றத்துக்கான தண்டனை என்பதை அவரவர் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளலாம். காந்தி அந்த மறுப்பைத் தம் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டார், தம் கருத்தை மாற்றிக்கொள்ளாவிட்டாலும். பிறகு மார்ச் மாதம் பீகாருக்கே சென்று, பாதிக்கப்பட்டவர்களிடையே ஊர் ஊராகச் சுற்றினார். அந்தச் சொல்லை மறந்து இந்தப் பயணத்தை நினைவில் வைத்துக்கொள்ளவே எனக்கு விருப்பம்.

பழி முற்றினால் எங்கே போய் முடியும் என்பதற்கு 1923 செப்டம்பர் 1 அன்று தோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் அழித்த நிலநடுக்கம் ஒன்றே போதும். நண்பகல் நெருங்கும் வேளை, வீடுகளில் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. தீ பரவி, மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற வதந்தி கிளம்ப, நிலநடுக்கத்தில் தப்பிப் பிழைத்த கொரியர்களில் ஆயிரக்கணக்கானவர்களை மனிதர்கள் கொன்றார்கள்.

"அப்படியானால் யாரையும் எதையும் கேட்கவே கூடாதா?" என்று நீ கேட்டிருந்தாய். கேட்கத்தான் வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். தாழ்ந்த நிலத்தில் குடியிருப்புக்கு அனுமதி தந்தது யார், எச்சரிக்கை கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்ததா, நடக்க முடியாதவர்களை ஏற்றிச் செல்ல வண்டி வந்ததா என்றெல்லாம் கேட்க வேண்டும். ஆனால் இவற்றுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் உணவுக்காக வரிசையில் நிற்பவர்கள் அல்லர். அந்த நிலம்தான் அவர்களுக்குக் கட்டுப்படியானது. முன்பு இரண்டு முறை வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பி, ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தவர்கள் மூன்றாம் முறை தயங்குவதும் இயல்புதான்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவை ஒட்டிய சிமேலு தீவில் நடந்தது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1907இல் அந்தத் தீவை ஆழிப்பேரலை தாக்கியபோது பெரும் உயிரிழப்பு ஏற்பட்டது. பிழைத்தவர்கள், நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். அந்த அலைக்கு அவர்கள் மொழியில் 'ஸ்மோங்' என்று பெயர். நில அதிர்வு மையத்துக்கு மிக அருகில் இருந்தும், ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். தொண்ணூற்றேழு ஆண்டுகளாக, தொட்டில் அருகே உட்கார்ந்து அந்தத் துயரத்தை யாரோ இதமாகப் பாடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

முகாமில் ஒரு முதியவர் வெள்ளத்தில் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, இழப்பீட்டுப் படிவத்தைப் படிக்க முடியாமல் உன்னிடம் நீட்டியதாக எழுதியிருந்தாய். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விசாரித்து, முடிந்தால் கண் அளவுகளோடு எழுதி அனுப்பு. கண்ணாடிகளைச் செய்து வாங்கிக்கொண்டு வரும் மாதம் நானே வருகிறேன். படிவங்களை நிரப்ப ஆள் வேண்டியிருந்தால் ஒரு வாரம் தங்கவும் முடியும்.

அன்புடன்,
உன் சுந்தரம்