மடவைக் குஞ்சின் அளவே லூரின் அளவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய கட்டுரையை ஆவலுடன் படித்தேன். தமிழில் இந்தப் பொருளை எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றி. ஆனால் இரைமீன்கள் மேல்நீரில் துள்ளும்போது, லூர் எனப்படும் செயற்கை இரைகளில், நீரின்மேல் மிதந்து ஓசையெழுப்பும் பாப்பர் வகையில், பெட்டியில் இருப்பதிலேயே பெரியதைக் கட்டிக் கூட்டத்தின் நடுவே வீச வேண்டும் என்று அதில் சொல்லப்பட்ட யோசனையை, முட்டுக்காட்டிலும் கோவளம் முகத்துவாரத்திலும் பல ஆண்டுகளாகத் தூண்டில் போட்டு வருபவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. அதை நம்பிப் புதிதாக வருபவர்கள் காசையும் நல்ல காலைப்பொழுதையும் இழப்பார்கள்.

கட்டுரையில் 'பாஸ்' என்று குறிக்கப்பட்டது வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் பெருவாய் மீன். நம் கொடுவாவையும் ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்கிறார்கள்; எனினும் இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. வாயைச் சட்டென்று விரித்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுவது இரண்டுக்கும் பொதுவான பழக்கம் என்பதால், அமெரிக்கர்கள் கற்றுத்தரும் லூர்ப் பாடம் இங்கும் பெருமளவு உதவும். எங்கே உதவாது என்றால், நீரோட்டத்தில். அங்கே இலையுதிர் காலத்தில் நீர்த்தேக்கங்களின் ஓடைகளுக்குள் திரளும் ஷாட் என்னும் சிறு மீன்களை பாஸ் துரத்திச் செல்கிறது. நீர் அநேகமாக நிற்கிறது. இங்கே ஓதம்தான் மடவைக் குஞ்சையும் காரப்பொடியையும் இறாலையும் இழுத்துக்கொண்டு வருகிறது. கொடுவா பாலத்தூணின் நிழலிலோ கல்லின் ஓரத்திலோ நின்றபடி, வருவதை வாங்கிக்கொள்கிறது. ஆகவே லூரும் நீர் போகும் திசையிலேயே வர வேண்டும். எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு விரையும் இரண்டு அங்குலக் குஞ்சைக் கொடுவா எங்கும் பார்த்திருக்காது.

ஒரு தை மாதக் காலையை இங்கே சொல்ல வேண்டும். விடியுமுன் முட்டுக்காட்டில் கரையோரமெங்கும் நீர் கொதிப்பதுபோல மீன்கள் சிதறிக்கொண்டிருந்தன. ஐந்து அங்குலப் பாப்பரை அரை மணி நேரம் வீசினேன். அது விழுந்த ஒவ்வொரு முறையும் கூட்டம் அடங்கிப்போய், சற்றுத் தள்ளி மீண்டும் எழும்பியது. அருகில் வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வலையிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இதைத்தான் தம்பி அது தின்னுது, இந்த அளவுக்குப் போடு" என்றார். என் சுண்டுவிரலைவிடச் சற்று நீளம். முதுகு பச்சை கலந்த சாம்பல், வயிறு வெள்ளி. பெட்டியின் மூலையில் கிடந்த ஒல்லியான சிறு பென்சில் லூரைக் கட்டிக் கூட்டத்தின் விளிம்பில் போட்டு, விழுந்த வட்டம் கரையும்வரை இழுக்காமல் விட்டேன். பிறகு நுனிக்கோலை ஒரே ஒருமுறை தட்டினேன். 'குபுக்' என்ற ஓசைதான் கேட்டது. லூர் இருந்த இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது.

ஆயிரம் உயிர்க்குஞ்சுகள் ஓடும் இடத்தில் நம் பொய்க்குஞ்சு ஆயிரத்தோராவது. அதைக் கொடுவா தேர்ந்தெடுக்க வேண்டுமானால், அளவில் மற்றவற்றைப் போலவும் நடத்தையில் அடிபட்டதைப் போலவும் அது இருக்க வேண்டும். 1936-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மீனவரான லாவுரி ரப்பாலா தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் பளபளக்கும் தாளை ஒட்டித் தம் முதல் லூரைச் செய்தது இதைக் கவனித்ததால்தான்: கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் மீனையே பெருமீன் முதலில் பிடிக்கிறது.

துள்ளல் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. மடவை சும்மாவே துள்ளும். ஒற்றை மீன் நிதானமாக எழுந்து விழுந்தால் அதன் கீழே எதுவும் இல்லாமல் இருக்கலாம். சிறு மீன்கள் ஒரே நேரத்தில் விசிறிபோல் நாலாபக்கமும் தெறித்தால்தான் துரத்தல் நடக்கிறது. நீர் சலனமில்லாமல் இருந்தால் பென்சிலே போதும். காற்றடித்து அலை எழும் வேளையில் சிறு லூரின் அசைவு தெரியாது; பாப்பரின் குழிந்த வாய் எழுப்பும் ஓசைக்கு அப்போதுதான் வேலை, அதுவும் சிறிய பாப்பராக இருக்கட்டும். பெருமீன் பின்னால் வந்து நீரை வீங்கச் செய்துவிட்டுக் கவ்வாமல் திரும்பினால், மேல்நீர் லூரைக் கழற்றிவிட்டு, ஈயம் கோக்காத ரப்பர் மீனைப் போட்டுக் கூட்டத்தின் அடியில் மெல்ல இறங்கவிட வேண்டும். மேலே நடக்கும் அமளியில் காயம்பட்ட குஞ்சுகள் கீழேதான் விழுகின்றன. வயதான கொடுவா அங்கேதான் காத்திருக்கிறது. நிறத்தைப் பற்றிக் கட்டுரை நீளமாகப் பேசியது. என் அனுபவத்தில், தெளிந்த நீருக்கு வெள்ளி, மங்கிய வெளிச்சத்துக்குக் கருமை, இவ்வளவு போதும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் எதிரே தெரிவது உருவத்தின் நிழல்தான்.

தூண்டில் நரம்பிலும் கவனம் தேவை. கொடுவாவின் வாய் அரம் போன்றது, செவுள்மூடியின் விளிம்பு கத்தி போன்றது. ஆதலால் லூரை ஒட்டிக் கட்டும் முன்நரம்பின் தாங்கும் வலு முப்பது பவுண்டுக்குக் குறையக் கூடாது. ஆனால் புளூரோகார்பன் நரம்பு நீரில் மூழ்கும்; அது சிறிய மிதக்கும் லூரின் மூக்கைக் கீழே அழுத்தி அசைவைக் கெடுத்துவிடும். மேல்நீருக்குச் சாதாரண நைலான் நரம்பே நல்லது. அதையும் லூர் தாராளமாக ஆடும்படி கண்ணி முடிச்சாகப் போட வேண்டும்.

கடைசியாக, லூரோடு வரும் மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டும்படி கட்டுரையாளர் எழுதியிருக்கலாம். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியதாகக் கிடைப்பது பெரும்பாலும் முட்டையிடும் தாய். 1997-இல் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தினர், கொடுவாவை வளர்ப்பிடத்திலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைப்பதில் இந்தியாவில் முதன்முறையாக வெற்றி கண்டார்கள். அந்த ஆராய்ச்சி நடக்கும் முட்டுக்காட்டுக் கரையிலேயே, செவுள்வரை மூன்று முள்ளும் ஏறிய தாய்மீன்களை விடுவிக்க வழியில்லாமல் சிலர் தூக்கிச் செல்வதைப் பார்க்கிறேன். ஒற்றை முள்ளாக இருந்தால் இடுக்கியால் நொடியில் எடுத்து, நீருக்குள்ளேயே வைத்து விட்டுவிடலாம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து முகத்துவாரங்கள் திறந்து மடவைக் குஞ்சுகள் உள்ளே வரும் நாட்களில், நம் கழிமுகங்களையும் நம் இரைமீன்களையும் வைத்து இதே கட்டுரையாளர் மீண்டும் ஒருமுறை எழுதத் தாங்கள் இடமளிக்க வேண்டுகிறேன். அதில் ஒவ்வொரு இரைமீனின் படமும், அதன் தமிழ்ப் பெயரும், அங்குலக் கணக்கில் அளவும் இருந்தால் கடைக்குச் சென்று லூர் வாங்குபவருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருவான்மியூர், சென்னை.