மச்சான், பனி விழறதுக்கு முன்னாடியே டயர மாத்திடு

மச்சானுக்கு,

உன் லெட்டர் வந்துச்சு டா. வேலை செட் ஆயிடுச்சு, பாப்பாவும் புது ஸ்கூலுக்கு போறாளாமே, படிக்கவே சந்தோஷமா இருந்துச்சு. அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல, உன்ன ரொம்ப விசாரிச்சாங்க. ஆனா கடைசில போற போக்குல எழுதிருந்தியே, நம்ம கார் ஆல் வீல் டிரைவ் தான, நாலு வீலுக்கும் இன்ஜின் பவர் போகுதே, வின்டர் டயர் எதுக்கு தண்டச் செலவுன்னு, அதப் படிச்சதுல இருந்து மனசே கேக்கல, அதான் ஒடனே எழுதறேன்.

ஆல் வீல் டிரைவ் நல்லதுதான், பனில வண்டிய நகத்த, மேடு ஏத்த ஒதவும். ஆனா நிறுத்தறதுக்கு அது ஒதவாது டா, பிரேக் எல்லா கார்லயும் நாலு வீலுக்கும் இருக்கு. ஏபிஎஸ்ஸும் பிரேக் அழுத்தறப்ப வீல் லாக் ஆகாமத்தான் பாத்துக்கும், ரோட்டுல இல்லாத பிடிப்ப அதால கொண்டு வர முடியாது. நீங்க மூணு பேரும் உக்காந்து போற அவ்ளோ பெரிய வண்டி ரோட்ட தொடறது உள்ளங்கை அளவு நாலு எடத்துல மட்டும்தான்.

சம்மர் டயர் ரப்பர் சுமார் 7 டிகிரிக்கு கீழ போனாலே இறுக ஆரம்பிச்சுடும், பனி கூட வேணாம், காஞ்ச ரோட்டுலயே பிடிப்பு கொறையும். வின்டர் டயர்ல ரப்பர் கலவையே வேற, கடுங்குளிர்லயும் அவ்ளோ இறுகாது, அதோட டிரெட், அதாவது ரோட்ட தொடற மேல்பக்கம் முழுக்க மெல்லிசா நெறைய கீறல் வெட்டிருப்பாங்க, உருளும்போது அது விரிஞ்சு ஓரத்தால பனிய கவ்வும். பெரிய பள்ளத்துல பனி அடைச்சுக்கும், அதுவும் நல்லதுக்குத்தான், பனில பனிதான் நல்லா ஒட்டும். வெறும் ஐஸ்ல இதுவும் வழுக்கும், அதனால முன்னாடி வண்டிக்கு நெறைய கேப் விட்டே போ.

வாங்கறப்ப டயர் சைடுல மூணு முகடு மலை, அதுக்குள்ள பனிப்பூ, அந்த குறி இருக்கான்னு பாரு. எம் பிளஸ் எஸ்னு, அதாவது சேறு, பனிக்குன்னு (மட் அண்ட் ஸ்னோ) மட்டும் போட்டிருந்தா நம்பாத, அது டெஸ்ட் இல்லாமலே போட்டுக்கறது, ஜெர்மனில 2024 அக்டோபர்ல இருந்து அத மட்டும் வெச்சு வின்டர் டயர்னு ஏத்துக்கறதே இல்ல. காசு மிச்சம்னு ரெண்டு மட்டும் போட்டுடாத டா, முன்னாடி புடிச்சு பின்னாடி புடிக்கலன்னா வளைவுல வண்டி சுத்திடும், நாலும் போடு.

தண்டச் செலவும் இல்ல, குளிர் முழுக்க சம்மர் டயர் தேயாம கெடக்கும்ல, ரெண்டு செட்டும் கூடுதல் நாள் வரும். தனி ரிம்லயே மாட்டி வெச்சிட்டா மாத்தறதும் ஈஸி. வெயில் வந்ததும் மறக்காம கழட்டிடு, சூட்டுல சீக்கிரம் தேஞ்சிடும். டிரெட் பள்ளத்தோட ஆழம் 4 மில்லிமீட்டருக்கு கீழ போனா பனிக்கு லாயக்கில்ல. காத்தும் பாத்துக்கோ, குளிர் 5, 6 டிகிரி எறங்குனா டயர் காத்தழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ கொறைஞ்சிடும்.

முதல் பனிக்கு அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல ஷெட்டுக்கு ஓடுவாங்க, நீ இப்பவே புக் பண்ணிடு, மாட்டினதும் எனக்கு எழுது.

அன்போட,
உன் மச்சான்